விலை இறங்கிய கார், விலை இறங்காத உதிரிபாகம்

மைத்துனனுக்காகப் பார்க்கப் போன ஒரு பழைய சொகுசு காரில், ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட்டை மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே போனேன். முதல் இரண்டு முழம் புதிதுபோல் பளிச்சென்று இருந்தது. அதற்கு மேல் இழுக்க யாருக்கும் தேவை வருவதில்லை, நான் இழுத்தேன். கடைசி ஒரு சாண் வெளியே வந்தபோது, பட்டையின் குறுக்கே தேநீர்க் கறை காய்ந்த நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. விரலால் தேய்த்தால் மாவுபோல் வண்டல் ஒட்டியது.

"தூசி சார்" என்றான் விற்பனைக்கூடத்துப் பையன்.

"தூசி நேர்க்கோடு போட்டு உட்காராது தம்பி" என்றேன். அவன் மேற்கொண்டு வாதாடவில்லை. பாவம், சம்பளத்துக்கு நிற்கிறவன்.

அந்தக் கோடு வரைக்கும் தண்ணீர் நின்றிருக்கிறது. சென்னைப் பதிவெண் கொண்ட கார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கிக் கிடந்தன என்பதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். மூழ்கியவை எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கழுவி, காயவைத்து, வாசனைத் திரவியம் அடித்து வேறு ஊர்களுக்கு வந்துவிடுகின்றன. இந்தக் காரின் இருக்கைக்கு அடியில் கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். இருக்கை நகரும் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் துரு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் குழியின் மூலையில் அதே வண்டல். கேட்ட விலை, சந்தை விலையைவிட ஒன்றரை லட்சம் குறைவு. அந்த ஒன்றரை லட்சத்துக்குக் காரணம் என் விரல் நுனியில் இருந்தது.

சாதாரண காராக இருந்தால் வெள்ளத்தைக்கூட ஓரளவு மன்னிக்கலாம். சொகுசு கார்களில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருக்கைக்கு அடியிலும் கால்விரிப்புக்கு அடியிலும் டிக்கியின் பக்கச் சுவரிலும் உட்கார்ந்திருக்கும். விரிப்புக்குக் கீழே இரண்டு விரல்கடை தடிமனில் நுரைப்பஞ்சு. அது குடித்த தண்ணீரை மாதக்கணக்கில் விடாது. ஒயர்களை இணைக்கும் கனெக்டர் ஊசிகளில் பச்சைக் களிம்பு பூக்கச் சில நேரம் ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். அதற்குள் கார் கைமாறியிருக்கும்.

இனி கதையைச் சொல்கிறேன். மைத்துனனுக்கு ஆம்பூரில் காலணிக்கான தோல் சார்ந்த வியாபாரம். வாரத்தில் மூன்று நாள் ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை, சில நாள் ஸ்ரீபெரும்புதூர் வரை ஓட்டம். கையில் 11 லட்சம். "மாமா, புதிய சின்ன எஸ்.யூ.வி. வாங்குவதா, பழைய சொகுசு செடான் வாங்குவதா? மூன்று ஞாயிறு எனக்காக ஒதுக்குங்கள்" என்றான். நான் பாலிடெக்னிக் ஒன்றில் பட்டறைப் பயிற்றுநர். பதினான்கு வயதான சிறிய கார் ஒன்றை இன்னும் நானே கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவன். சொகுசு கார் மேல் எனக்கு ஆசையும் இல்லை, பகையும் இல்லை. அதனால்தான் என்னைக் கேட்டான் என்று நினைக்கிறேன்.

எங்கள் விலைக்குள் வந்தவை எல்லாம் சொகுசு நிறுவனங்களின் முதல் படிக்கட்டு செடான்கள். 2014இல் இந்தியாவுக்கு வந்த ஆடி ஏ3, 2015 தொடக்கத்தில் வந்த மெர்சிடிஸ் சி.எல்.ஏ., இவற்றுக்கு ஒரு படி மேலே 2012இல் வந்த தலைமுறை பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ். முதல் இரண்டும் முன்சக்கர இழுவையை அடிப்படையாகக் கொண்டவை; மூன்றாவது பின்சக்கர இழுவை. அந்தப் பி.எம்.டபிள்யூ.வில் காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃப்ளாட் டயர்; ஸ்டெப்னி கிடையாது. இரவு பதினொரு மணிக்கு மாதனூர் பக்கம் டயர் வெடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டதும் மைத்துனன் அதை ஒதுக்கிவிட்டான். கடைசியில் வாங்கியது எந்த நிறுவனத்தின் கார் என்று எழுதப்போவதில்லை. ஒன்பது வருடம் ஓடிய ஒரு காரின் கோளாறை எழுதினால், படிப்பவர்கள் அதைக் கம்பெனியின் கோளாறாக எடுத்துக்கொள்வார்கள். முன்சக்கர இழுவை, டீசல், இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், 2016 மாடல். இவ்வளவு போதும்.

நடுவில் ஒரு தரகர் டெல்லியிலிருந்து ஒரு டீசல் காரை ஏழரை லட்சத்துக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார். தலைநகர் வட்டாரத்தில் 10 வயதைத் தாண்டிய டீசல் கார்களுக்கு அப்போது இருந்த கெடுபிடியால், ஒன்பதாவது வயதிலேயே அங்கே விலை மடமடவென்று சரிந்திருந்தது. மைத்துனன் கண்ணில் வெளிச்சம். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே மறுபதிவு, தமிழக ஆயுட்கால வரி. 2023 நவம்பரில் வரி உயர்ந்த பிறகு, 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு 20 சதவீதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும் என்றாலும் தொகை சிறியதில்லை. எல்லாம் கூட்டினால் நம் ஊர் கார் விலைக்கே வந்து நின்றது. அதுவும் காரைக் கண்ணால் பார்க்காமல். வேண்டாம் என்றோம்.

இரண்டாவது ஞாயிறு காட்பாடி காந்தி நகரில் ஒரு மருத்துவரின் கார். ஒரே உரிமையாளர், டிஎன் 23 பதிவெண், 84,300 கிலோமீட்டர், கேட்ட விலை 10 லட்சத்து 60 ஆயிரம். "நாங்கள் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள் டாக்டர்" என்று முந்தைய நாளே சொல்லி வைத்திருந்தோம். காலை ஆறே காலுக்குப் போய் முதல் வேலையாக பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. டீசல் என்ஜின் முழுக்க ஆறிய நிலையில் கிளம்பும் அந்த முதல் ஐந்து விநாடிகள் சொல்லும் செய்தியை, சூடான என்ஜின் ஒரு மணி நேரம் ஓடினாலும் சொல்லாது. ஒரே சுற்றில் பிடித்தது. என்ஜினுக்குள் ஓடும் சங்கிலி உதறும் ஓசை இல்லை. புகைபோக்கியில் லேசான வெண்மை வந்து, அரை நிமிடத்தில் மறைந்தது.

பிறகு ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 ஊசி சாக்கெட்டில், கோளாறுகளைப் படித்துச் சொல்லும் என் சிறிய ஸ்கேனரைச் செருகினேன். பிழைக்குறியீடு எதுவும் இல்லை. ஆனால் 'குறியீடு இல்லை' என்பதை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. காலையில்தான் யாராவது எல்லாவற்றையும் அழித்திருந்தாலும் அப்படித்தான் காட்டும். அதே திரையில் ரெடினஸ் என்று ஒரு பகுதி உண்டு: கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும். அழித்த பிறகு சில நாள் ஓடினால்தான் அவை முடியும். இந்தக் காரில் எல்லாம் முடிந்திருந்தன. யாரும் அண்மையில் கைவைக்கவில்லை.

டாக்டரின் மனைவி ஒரு நீலக் கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிய நாளிலிருந்து எல்லா சர்வீஸ் பில்களும் தேதி வரிசையில். இத்தகைய கோப்பை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். வராந்தாவில் காபி ஆறுவது தெரியாமல் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். என்ஜின் ஆயில் தவறாமல் மாறியிருக்கிறது. பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. ஆனால் 60,000 கிலோமீட்டரில் செய்ய வேண்டிய ஒரு வேலை எந்தப் பில்லிலும் இல்லை: கியர்பாக்ஸ் ஆயில். இந்தக் காரில் இருப்பது எண்ணெயில் நனைந்து ஓடும் ஈரவகை இரட்டை கிளட்ச். அந்த எண்ணெய்தான் கிளட்ச்சைக் குளிர்விக்கிறது, கியருக்கு உயவிடுகிறது, வால்வுகளைத் தள்ளுகிறது. 24,000 கிலோமீட்டர் தவணை கடந்து ஓடியிருக்கிறது.

அடுத்தது எனக்கு வயிற்றைக் கலக்கிய நிமிடம். முன்பக்கப் பயணி காலடியில் கால்மிதியை எடுத்துவிட்டு, விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டேன். ஈரம். போன வாரத்து வண்டல் கோடு கண்முன் வந்தது. ஆனால் முகர்ந்து பார்த்தால் சேற்று வாடை இல்லை. மூடிய பீரோவின் பூஞ்சை வாடைதான். விரலில் மண் ஒட்டவில்லை. சீட் பெல்ட்டை அடிவரை இழுத்தேன், சுத்தம். ஓட்டுநர் பக்கம் உலர்ந்திருக்கிறது. வெள்ளம் ஒரு பக்கம் மட்டும் பார்த்துப் புகாது.

தலையைத் தூக்கினேன். மேலே சன்ரூஃப். அதற்கும் மேலே, கார் நிற்கும் இடத்தில், ஒரு பெரிய வேப்பமரம்.

சன்ரூஃபைச் சுற்றி ஒரு சிறிய வாய்க்கால் ஓடும். அதில் விழும் மழைத் தண்ணீர் நான்கு மூலைகளிலும் உள்ள துளைகள் வழியாக, தூண்களுக்குள் ஓடும் மெல்லிய ரப்பர் குழாய்களில் இறங்கி, காருக்கு அடியில் வெளியேறும். கூரையைத் திறந்துவிட்டு டாக்டர் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, வலது முன்மூலையில் கொஞ்சம் ஊற்றினேன். சில விநாடிகளில் சக்கரத்துக்குப் பக்கத்தில் சொட்டியது. இடது மூலையில் ஊற்றினேன். தண்ணீர் அங்கேயே நின்று என்னைப் பார்த்தது. உற்றுப் பார்த்தால், துளையின் வாயில் பழுப்பாக மசிந்துபோன வேப்பம்பூ. சித்திரையில் உதிர்ந்தது, கோடை மழையில் ஊறி அடைத்துக்கொண்டிருக்கிறது.

டாக்டர் மனிதர் நல்லவர். "இது எனக்கே தெரியாது" என்று ஒப்புக்கொண்டார்.

ஓட்டிப் பார்க்க காட்பாடி ரயில்வே மேம்பாலத்தைத் தேர்ந்தெடுத்தேன். வேலூரில் அந்தப் பாலத்து நெரிசலைத் திட்டாதவர் கிடையாது. இரட்டை கிளட்ச்சைச் சோதிக்க அதைவிட நல்ல இடமும் கிடையாது. ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்று ஊர்வது, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் உதறாமல் நகர்கிறதா என்று பார்ப்பது. ஐந்து முறை நின்று நகர்ந்தோம். நான்கு முறை வெண்ணெய். ஐந்தாவது முறை, மிக மெதுவாக ஊர்ந்தபோது, லேசான ஒரு சிலிர்ப்பு. கிளட்ச் தேய்ந்திருந்தால் அநேகமாக ஒவ்வொரு முறையும் உதறியிருக்கும். இது பழைய எண்ணெய் என்று கணித்தேன். கணிப்புத்தான், தவறியிருந்தால் லட்சக்கணக்கில் போயிருக்கும் என்பதையும் மைத்துனனிடம் மறைக்கவில்லை.

பிறகு பெங்களூர் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா வரை. இங்கேதான் எனக்குள் இருந்த கஞ்சனும் கொஞ்சம் அசைந்தான். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஸ்டீயரிங்கில் இரண்டு விரல் போதும். பக்கத்தில் கண்டெய்னர் லாரி கடக்கும்போது என் கார் ஒரு முழம் ஒதுங்கும், இது அசையவில்லை. பேசுவதற்குக் குரலை உயர்த்தத் தேவையில்லை. பிரேக்கை அழுத்தினால் முன்பக்கம் குனியாமல், நான்கு காலும் ஒன்றாக ஊன்றிய மாதிரி நின்றது. வாரத்தில் மூன்று நாள் இந்தச் சாலையில் இருக்கிற மனிதனுக்கு மாலையில் இடுப்பு வலிக்கிறதா இல்லையா என்பதும் ஒரு கணக்குத்தான். ஆனால் சேவூர் பக்கம் கிராமத்துச் சாலைக்குத் திருப்பியதும் வேகத்தடையில் அடிவயிறு உரசியது. அவனுடைய அம்மா, என் மாமியார், முழங்கால் வலிக்காரர்; இந்தத் தாழ்வான இருக்கையிலிருந்து எழுந்திருக்க ஒரு கை கொடுக்க வேண்டும். விளம்பரத்தில் இதையெல்லாம் போடமாட்டார்கள்.

திங்கட்கிழமை டாக்டரின் அனுமதியோடு சத்துவாச்சாரி பக்கம் எங்கள் பாய் பட்டறையில் லிஃப்டில் ஏற்றினோம். பாய் பதினைந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் டார்ச்சோடு சுற்றிவந்தார். கம்பியால், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மை நெம்பிக் காட்டினார். அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷில் வெடிப்பு. "நம் ஊர் வெயிலுக்கு ரப்பர் எட்டு வருடம் தாங்கியதே பெரிது" என்றார். டயர்களின் பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கங்களைப் படித்தோம்: இரண்டில் 1618, இரண்டில் 2519. முதல் இரண்டு இலக்கம் வாரம், பிந்தைய இரண்டு ஆண்டு. அதாவது 2018இன் பதினாறாவது வாரம், 2019இன் இருபத்தைந்தாவது வாரம். பள்ளம் இன்னும் ஆழமாகத்தான் இருந்தது, ஆனால் ரப்பர் கல்லாகிவிட்டது. நான்கும் மாற்ற வேண்டும். எண்ணெய்க் கசிவு எங்கும் இல்லை. கண்ணாடிகள் எல்லாம் ஒரே தயாரிப்பு, ஒரே ஆண்டுக் குறி. பெரிய அடி வாங்கிய கார் இல்லை.

வீட்டுக்கு வந்து கணக்கு எழுதினோம். இந்தக் காரின் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனால் அதன் ஹெட்லைட்டுக்கு அது பழைய கார் என்று தெரியாது. கம்பெனி சர்வீஸ் மையத்தில் விசாரித்தால் ஒரு பக்க விளக்குக்குச் சொன்ன தொகையில் நல்ல ஸ்கூட்டர் வாங்கலாம். மைத்துனனிடம் சொன்னேன்: "உன்னிடம் 11 லட்சம் இருக்கிறது என்றால், உன்னுடைய காரின் விலை ஒன்பதரை. மீதி ஒன்றரை காருக்குச் சொந்தம், உனக்கு இல்லை. அதைத் தனிக் கணக்கில் போடச் சம்மதம் என்றால் வாங்கு. இல்லையென்றால் உத்தரவாதத்தோடு வரும் புதிய எஸ்.யூ.வி.க்குப் போ, அதில் வெட்கம் ஒன்றுமில்லை." வருடத்துக்கு ஏழெட்டாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவனாக இருந்திருந்தால் நானே தடுத்திருப்பேன். இவன் 25,000 ஓட்டுகிறான், அதில் முக்கால்வாசி நெடுஞ்சாலை.

பேரத்துக்கு ஆடி மாதம் துணை வந்தது. ஆடியில் கார் வாங்க யாரும் படியேறமாட்டார்கள். டாக்டர் குடும்பமோ மகன் இருக்கும் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில். கியர்பாக்ஸ் ஆயில், டயர், புஷ், ஈர விரிப்பு என்று தாளில் எழுதியே காட்டினோம். 9 லட்சத்து 70 ஆயிரத்தில் கை குலுக்கினார்கள். எப்போதோ முடிந்த வங்கிக் கடன் ஆர்.சி.யில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. வங்கியின் சான்றும் கடனை நீக்கும் படிவம் 35உம் வாங்கிய பிறகுதான் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து. காப்பீட்டில் க்ளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காக டாக்டருக்கு இருந்த சலுகை அவருக்குத்தான் சொந்தம், காரோடு வராது. மைத்துனன் அது தனக்கும் வரும் என்று கணக்கில் கழித்து வைத்திருந்தான்; அந்த வரியை அடித்தேன்.

மாமியார் ஒரே பிடி: ஆவணி பிறக்காமல் கார் வாசலுக்கு வரக் கூடாது. எனக்கு அது வசதியாகப் போயிற்று. கார் நேரே பாய் பட்டறைக்குப் போனது, வேலைக்குப் பத்து நாள் கிடைத்தது.

குழாய் அடைப்பை நானே எடுத்தேன். காற்றழுத்தம் வேண்டாம் என்று பாய் தடுத்தார். ஊதினால் தூணுக்குள் குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிடும், பிறகு கூரைத் துணியையே இறக்க வேண்டும். கடைத்தெருவில் தடித்த நைலான் தூண்டில் நரம்பு வாங்கி, முனையை நெருப்பில் காட்டி மழுங்கடித்து, துளைக்குள் மெல்ல உருட்டி உருட்டி இறக்கினேன். ஒரு முழத்தில் தடுத்தது. இழுத்தால் வேப்பம்பூ மசியல், பூச்சி இறக்கை, கூடவே ஒரு வேப்பங்கொட்டை. மூன்றாவது முறை நரம்பு தடையின்றி இறங்கியது. தண்ணீர் ஊற்றினால் சக்கரத்தருகே ஓட்டம். முன் இருக்கையைக் கழற்றி, விரிப்பைத் தூக்கிக் கட்டி, இரண்டு நாள் வெயிலில் கதவைத் திறந்து வைத்தோம். வேலூர் வெயிலால் அடைந்த நன்மைகளில் இதுவும் ஒன்று.

புஷ்களுக்குக் கம்பெனிப் பெட்டி தேடவில்லை. கார் நிறுவனத்துக்கே செய்து கொடுக்கும் உற்பத்தியாளரின் சரக்கு, அவர்களுடைய சொந்தப் பெட்டியில், சென்னையிலிருந்து கூரியரில் ஏறக்குறைய பாதி விலைக்கு வந்தது. கூலியோடு 16,000. டயர் நான்கும் 50,400. என்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் 17,200. கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் 19,500. ஆக மொத்தம் 1,03,100. காப்பீடும் பெயர் மாற்றமும் தனி.

கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கியபோது நான் பக்கத்திலேயே நின்றேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது, காய்ச்சிய வெல்லப்பாகு நிறத்தில் இறங்கியது. பாய் அதை வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, விரலால் பரப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மின்னும் துகள் இல்லை. சாம்பல் பசை மட்டும். "கிளட்ச் பிழைத்தது சார்" என்றார். புதிய எண்ணெயைச் சூடு பார்த்து, மட்டம் பார்த்து நிரப்பி, ஸ்கேனரில் கிளட்ச்சின் பிடிப்புப் புள்ளியை மறுபடி கற்றுக்கொள்ள வைத்தோம்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கார் ஆம்பூர் போயிற்று. எலுமிச்சைப் பழம் புதிய டயரின் கீழ் நசுங்கியது. முழு டேங்க் நிரப்பி, மறுபடி நிரப்பிப் பார்த்த கணக்கில் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் சொச்சம் கொடுக்கிறது. அந்த மேம்பாலத்துச் சிலிர்ப்பு இதுவரை திரும்பவில்லை. மைத்துனன் மேம்பாலம் ஏறும்போதெல்லாம் ரேடியோவை அணைத்துவிட்டுக் கவனிக்கிறானாம். பானெட்டின் உட்புறம் ஒரு சீட்டில் பாய் மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறார்: கியர் ஆயில் 84,410, அடுத்தது 1,44,000. அதற்குக் கீழே என் கையெழுத்தில் இன்னொரு வரி: வேப்பமரத்தடியில் நிறுத்தாதே.